ஆபரேஷனுக்கு மறுநாள் காலை

1962 ஜூன் கடைசியில், மான்டி கார்லோவில் தங்கியிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் ஹோட்டல் அறையில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 87. தொடை எலும்பு இடுப்போரம் முறிந்துவிட்டது. அங்கேயே மாவுக்கட்டுப் போட்டு, பிரிட்டன் விமானப்படையின் காமெட் விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எலும்பைப் பொருத்தினார்கள். அவர் வீடு திரும்பியது ஆகஸ்டில்தான், ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து. அதன்பின் இரண்டரை ஆண்டு இருந்து, 90 வயதில் காலமானார்.

அந்த எட்டு வாரத்தில் கத்தி வைத்த நேரம் சில மணி. மீதி நாளெல்லாம் எதற்கு? எலும்பைச் சேர்ப்பது ஒரு வேலை, மனிதரை நடக்கவைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை அறுவை அரங்கு ஒரு பொழுதில் முடித்துவிடும். இரண்டாவதைப் பொழுதுக்குப் பொழுது, அளந்து, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நம் ஊரில் செலவும் கவலையும் பிரார்த்தனையும் முதல் வேலையோடு தீர்ந்துவிடுகின்றன. "ஆபரேஷன் சக்சஸ்" என்று உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்ன பிறகு, பாட்டி கட்டிலிலேயே கிடக்கிறார்.

'இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு' என்று பேச்சில் சொன்னாலும், பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் மேல்முனைதான். அந்த எலும்பின் தலை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தலையையும் தண்டையும் இணைப்பது சரிவான, ஒடுங்கிய கழுத்து. முறிவு இந்தக் கழுத்தில் விழுகிறதா, அதற்குக் கீழே தசைகள் வந்து பற்றும் புடைப்பில் விழுகிறதா என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். கழுத்தைச் சுற்றி மேலேறும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்தான் பந்துக்குப் பெரும்பங்கு உணவு கொடுக்கின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்து பந்து பட்டுப்போகலாம். அதனால் வயதானவர்களுக்கு அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். கீழே முறிந்தால் ரத்த ஓட்டத்துக்குப் பெரிய கேடில்லை. தகடும் திருகும் வைத்தோ, எலும்புக்குள் கம்பி செருகியோ பொருத்திவிடலாம். கழுத்து முறிவு வேறு, கீழ் முறிவு வேறு என்று 1820களிலேயே பிரித்துக் காட்டியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். அந்தக் காலத்தில் பிரித்தறிந்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. கழுத்து முறிவில் நம்பிப் பயன்படுத்தத்தக்க உலோக ஆணி 1925-இல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் கையில்தான் வந்தது.

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் முறிவுக்கு முன்பு நடந்த அளவுக்கு மறுபடி நடப்பவர்கள், உலகெங்கும் வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால், 100-க்கு 40 முதல் 60 பேர்தான். மருத்துவ வசதி நிறைந்த நாடுகளிலேயே நிலை இது. முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் என்பது அங்கெல்லாம் பழகிப்போன கணக்கு. இவர்களை உயிரிழக்க வைப்பது உடைந்த எலும்பு அல்ல. படுத்திருப்பதால் வரும் நிமோனியா, காலில் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ரத்தக்கட்டி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கே பெரும்பங்கு. முன்பே தளர்ந்திருந்த இதயம் கூடுதல் சுமையைத் தாங்காமல் நிற்பதும் உண்டு.

படுக்கை என்ன செய்யும் என்பதை ஆரோக்கியமானவர்களைப் படுக்கவைத்தே பார்த்திருக்கிறார்கள். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் எழவே விடாமல் வைத்திருந்தார்கள். உழைக்கும்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரை அழைத்து மறுபடி சோதித்தார்கள். 50 வயதில் அவர்கள் இருந்த நிலை, 20 வயதில் மூன்று வாரப் படுக்கை முடிந்தபோது இருந்த நிலையைவிட மேலாக இருந்தது. முப்பது வருட முதுமையைவிட மூன்று வாரக் கட்டில் கொடிது! வயதானவர்கள் கதை இன்னும் மோசம். சராசரி 67 வயதுள்ள, நோய்நொடியில்லாத ஒரு சிறு குழுவைப் பத்து நாள் படுக்கவைத்த ஆய்வு 2007-இல் வெளியானது. அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. எலும்பு முறிந்த முதியவருக்கு இதற்கு மேல் வலி, ரத்தசோகை, பசியின்மை, அறுவையின் பாதிப்பு என்று பலவும் சேர்கின்றன.

ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் 1947-இலேயே, படுக்கையால் உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் வரும் கேட்டை வரிசையாகப் பட்டியலிட்டு, கிண்டல் கலந்து ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவ உலகம் படித்துச் சிரித்தது. பழக்கத்தை மாற்றிக்கொள்ள வெகுகாலம் எடுத்துக்கொண்டது.

"சரி, நடந்தால் உள்ளே வைத்த கம்பி நகர்ந்துவிடாதா?" எல்லா வீட்டிலும் எழும் கேள்விதான். இதற்குப் பெர்லினிலிருந்து வந்த பதில் சுவையானது. கியோர்க் பெர்க்மன் என்ற பொறியாளரின் குழு, செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே விசையளக்கும் கருவியைப் பதித்துச் சில நோயாளிகளுக்குப் பொருத்தியது. உள்ளிருந்து அந்த மூட்டு ரேடியோவில் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. சாதாரண நடையில் மூட்டின் மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் சுமார் 2.4 மடங்கு. படி ஏறினால் 2.5 மடங்கு, இறங்கினால் 2.6. 60 கிலோ பாட்டி ஓர் அடி எடுத்து வைத்தால் அவர் மூட்டு 144 கிலோ தாங்குகிறது. கால் தடுக்கித் தடுமாறும்போது பாரம் எட்டு மடங்கையும் தாண்டியது பதிவாகியிருக்கிறது. எடையைவிட இவ்வளவு கூடுவதற்குக் காரணம், மூட்டைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம். ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் இடுப்பு மறுபக்கம் சரியாமல் புட்டத் தசைகள் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் மூட்டின் மேல்தான் விழுகிறது.

படுத்திருப்பவருக்கும் இதிலிருந்து முழு விடுதலை கிடையாது. பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்கும்போதும், கட்டிலில் புரண்டு மேலே நகரும்போதும் இதே தசைகள்தான் இறுகுகின்றன. படுக்கையில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணத்துக்குப் பெரிய ஆதாரமில்லை. தடுமாறி விழாமல் நடக்கக் கற்பதுதான் மூட்டுக்கு உண்மையான பாதுகாப்பு. "பாதி எடையை மட்டும் ஊன்று" என்று சொன்னால் எண்பது வயதுக்காரரால் அப்படி அளந்து ஊன்ற முடிவதும் இல்லை. ஒன்று காலையே தூக்கிக்கொள்கிறார், இல்லை முழுதாக ஊன்றிவிடுகிறார். அதனால்தான் முதல் நாளே முழு எடையும் தாங்கும்படியாகப் பொருத்துவதை இன்று அறுவை மருத்துவர்கள் இலக்காகக் கொள்கிறார்கள். பிரிட்டனின் 2011 வழிகாட்டு நெறி, மருத்துவக் காரணம் ஏதும் தடுக்காவிட்டால் அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பச் சொல்கிறது.

அந்த மறுநாள் காலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வலி மாத்திரை கொடுத்து அது வேலைசெய்யத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் பிசியோதெரபிஸ்ட் வருவார். மாத்திரை கொடுக்காமல் எழுப்பினால் அன்றைய பாடு அழுகையில் முடியும், அடுத்த நாள் பாட்டி அவரைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வார். முதலில் கட்டிலின் தலைப்பக்கம் உயரும். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு இரண்டு கால்களும் சேர்ந்து திரும்பிக் கட்டிலோரம் தொங்கும். இங்கேதான் பலருக்குத் தலை சுற்றும். படுத்தே இருந்த உடலில் ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது. சில நிமிடம் உட்காரவைத்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, மறுபடி அழுத்தம் பார்த்த பிறகே எழுந்து நிற்பது.

எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது கூடவே வந்துவிடும். கட்டிலையோ நாற்காலியின் கையையோ அழுத்தி எழுந்து, நின்ற பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும். பாசத்தோடு ஓடிவரும் மகன் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். தோள் நோவதைத் தவிர அதனால் பலனில்லை. இடுப்பில் அகலமான பட்டை கட்டி அதைப் பிடித்துக்கொள்வதே முறை. பிறகு வாக்கர், அடிபட்ட கால், நல்ல கால் என்ற வரிசையில் இரண்டு அடி, மூன்று அடி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைக்கு அது பெரிய சாதனை. மதியச் சாப்பாட்டையும் நாற்காலியிலேயே சாப்பிட்டால் இன்னும் நல்லது. நெஞ்சுச் சளி இறங்க உட்கார்ந்திருப்பதே பாதி மருந்து.

இதற்கும் மதிப்பெண் உண்டு. டென்மார்க் மருத்துவமனைகள் மூன்றே கேள்வி கேட்கின்றன: கட்டிலில் ஏறி இறங்குகிறாரா, நாற்காலியிலிருந்து எழுகிறாரா, உள்ளுக்குள் நடக்கிறாரா. யார் துணையும் இல்லாமல் என்றால் இரண்டு, துணையோடு என்றால் ஒன்று, முடியாவிட்டால் சைபர். ஒரு நாளுக்கு ஆறு மதிப்பெண். சீட்டில் எழுதி கட்டில்மேல் மாட்டிவிடலாம் என்ற அளவுக்கு எளிது. ஆனால் நான்காம் நாளும் இரண்டிலேயே நிற்கிறது என்றால், வலியா, ரத்தசோகையா, பயமா, மனக்குழப்பமா என்று தேடவைக்கும்.

மனக்குழப்பம் தனிக் கதை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இரவில் மகளைத் தன் அம்மா என்கிறார், மருந்து ஏறும் ஊசியைப் பிடுங்குகிறார். "புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று வீட்டார் பதறுவார்கள். பெரும்பாலும் இது தற்காலிகக் குழப்பம். வலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் கூடிச் செய்யும் வேலை. பாஸ்டனில் 126 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், முதியோர் நல மருத்துவர் ஒருவர் தினமும் வந்து பார்த்த குழுவில் 32 சதவீதத்தினருக்கு இந்தக் குழப்பம் வந்தது. வழக்கமான கவனிப்புப் பெற்ற குழுவில் 50 சதவீதம். புது மருந்தோ கருவியோ ஒன்றும் இல்லை. கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுவது, தேவையற்ற மாத்திரையையும் சிறுநீர்க் குழாயையும் எடுப்பது, வலியை அடக்குவது, எழுப்பி உட்காரவைப்பது. பாட்டிமார்களின் கண்ணாடி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் மருத்துவம்தான்.

எலும்பு மருத்துவரும் முதியோர் நல மருத்துவரும் ஒரே வார்டில் சேர்ந்து வேலைசெய்யும் ஏற்பாடு, இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் 1960களில் உருவானது. ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறைந்த ஊர் அது. மைக்கேல் டேவஸ் எலும்பைப் பார்த்தார், பாபி இர்வின் மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். இதற்கும் முன்னோடி மார்ஜரி வாரன். 1935-இல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை பக்கத்திலிருந்த ஏழைகள் இல்லத்து வார்டுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, எழுநூற்றுச் சொச்சம் நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தார்கள். 'தீராத நோயாளி' என்று முத்திரை குத்திப் பல ஆண்டு படுக்கவைக்கப்பட்டவர்கள். அவர் ஒவ்வொருவரையும் சோதித்துப் பிரித்து, எழுப்பி நடக்கவைத்து, கணிசமானவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அவர்களில் பலருக்குப் பெரிய நோயே படுக்கைதான்.

பிறகு இப்படி எழுப்பி நடக்கவைக்கும் பயிற்சி நாட்டுக்கு நாடு சட்டதிட்டமாகவே ஆனது. அமெரிக்காவின் உள்நோயாளி மறுவாழ்வு மருத்துவமனைகளில் சேர்பவருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி தரப்பட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அவ்வளவு தாங்கமாட்டாதவர் வேறு வகை நிலையத்துக்குப் போவார். ஜப்பான் 2000-இல் மீட்புக்கால வார்டுகள் என்றே தனியாக ஏற்படுத்தியது. அங்கே 20 நிமிடம் ஒரு அலகு. எலும்பு முறிந்தவருக்கும் 2024 வரை நாளுக்கு ஒன்பது அலகு வரை தரலாம் என்றிருந்தது. தொடை எலும்பு முறிந்தவர் 90 நாள்வரை தங்கலாம். பிசியோதெரபிஸ்ட் நடையைப் பார்ப்பார். உடுத்துவது, குளிப்பது, சமைப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பொறுப்பு. இப்படி அன்றாடக் காரியங்கள் பதினெட்டுக்கு, ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதும் மாடிப்படியும் அதில் வெவ்வேறு கேள்விகள். படிக்கட்டுக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

இவ்வளவும் பலன் தருகிறதா? நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் 397 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எலும்பு வார்டிலும் மறுபாதியை முதியோர் நல வார்டிலும் வைத்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. நான்கு மாதம் கழித்து, 12-க்குப் போடும் நடமாட்ட மதிப்பெண்ணில் முதல் குழு 4.4, இரண்டாவது 5.1. பார்க்கச் சிறிய வித்தியாசம். ஆனால் எழ முடியாதவருக்கும் எழ முடிந்தவருக்கும் இடையிலுள்ள தூரம் இந்த அளவுகோலில் இப்படித்தான் தெரியும். தொடையில் கருவி ஒட்டி அளந்தபோது வேறொன்றும் வெளிப்பட்டது. அறுவைக்குப் பின் நான்காம் நாளில் முதியோர் வார்டுக்காரர்கள் 24 மணியில் நின்று நடந்த நேரம் 57 நிமிடம், மற்றவர்கள் 45 நிமிடம். நல்ல வார்டிலேயே ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூட இல்லை!

மறதி நோய் உள்ளவருக்குப் பயிற்சி வீண் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் உண்டு. பின்லாந்து ஆய்வு ஒன்று 2000-இல் அதை அசைத்தது. லேசான மறதி இருந்தவர்களில், தீவிர மறுவாழ்வு வார்டில் இருந்தோரில் 91 சதவீதம் பேர் மூன்று மாதம் கழித்துத் தங்கள் சொந்த வாழ்விடத்தில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் அது 67 சதவீதம். நடுத்தர மறதியில் 63-க்கு 17. தலைகள் எண்ணிக்கை குறைவான ஆய்வுதான், ஆனாலும் "நினைவே இல்லாதவருக்கு எதற்கு நடை?" என்று கேட்பவர் பார்க்க வேண்டிய கணக்கு.

எல்லாப் பயிற்சியும் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான மறுவாழ்வு முடிந்து வீடு திரும்பிய 210 பேரிடம், கூடுதலாக 16 வாரம் வீட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடக்கும் நிலையை எட்டியவர்கள் பயிற்சிக் குழுவில் 23 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 18. புள்ளியியல் கணக்கில் அது வெற்றி ஆகவில்லை. ஆனால் மேற்பார்வையில் எடை தூக்கி, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போன ஆறு மாதப் பயிற்சி 2004-இல் வேறொரு 90 பேருக்குத் தெளிவாகப் பலன் தந்தது. எதை, எவ்வளவு, யார் முன்னிலையில் செய்கிறோம் என்பதுதான் வித்தியாசம். காலை ஆட்டிக்கொண்டிருப்பது பயிற்சி ஆகாது.

தமிழ்நாட்டுக்கு உள்நோயாளி மறுவாழ்வு புதிதல்ல. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவர் வேலூர் சி.எம்.சி.யில் அமைத்த மறுவாழ்வு நிலையம் 1966-இல் பாகாயத்தில் திறந்தது. இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறந்திருக்கிறது. ஆனால் தொடை எலும்பு முறிந்த சாதாரணக் குடும்பத்துக்கு, ஆபரேஷன் முடிந்து சில நாளில் கிடைப்பது டிஸ்சார்ஜ் சீட்டும் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்ற ஒரு வரியும்தான். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய படி காணவில்லை. முறிந்ததும் நாட்டு வைத்தியரின் கட்டை நம்பிக் காத்திருந்து, வாரம் கழித்து வருபவர்களும் உண்டு. கை எலும்பில் ஒருவேளை தாங்கும் இந்த நம்பிக்கை, தொடைக் கழுத்தில் தாங்காது. கட்டுப் போட்டுப் படுக்கவைத்த நாள்களெல்லாம் தசை கரைந்த நாள்கள்.

வீடும் தயாராக இருக்காது. உலோகப் பந்து வைத்தவர் இடுப்பை அளவுக்கு மீறி மடக்கிக் காலை உள்பக்கம் திருப்பினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவலாம். குறிப்பாகப் பின்பக்கமாக அறுவை செய்திருந்தால். தரையில் குந்துவதும் சம்மணமிடுவதும் தரைமட்டக் கழிப்பறையும் அதனால்தான் தொடக்க மாதங்களில் விலக்கு. மருந்துக் கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி, முழங்காலைவிடச் சற்று உயரமான உட்காரும் நாற்காலி, குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவில் எரியும் சிறு விளக்கு: இவற்றை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கி வைக்கலாம். முற்றத்து வாசற்படியும் மாடியும் எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு வந்து மருத்துவமனையில் சொல்வது இன்னும் நல்லது. பயிற்சியை அந்த உயரத்துக்கே தைத்துக் கொடுக்கலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய உரிமை அது.

சாப்பாட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. கஞ்சியும் ரசசாதமும் கொடுத்துவிட்டு 'லேசா சாப்பிடட்டும்' என்பார்கள். இழந்த தசையைக் கட்ட முட்டையும் பருப்பும் மீனும் தயிரும் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

எல்லாம் சரியாக நடந்தாலும் வீட்டார் மறந்துவிடும் ஒன்று உண்டு. முறிந்ததற்குக் காரணம் விழுந்தது மட்டுமல்ல, மெலிந்த எலும்பும். ஒரு முறை இடுப்போரம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறிய வாய்ப்பு அதிகம். சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஆண்டுக்கு ஒரு முறை ஊசியாக ஏற்றிய 2007 சோதனையில், இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் புது முறிவுகள் 35 சதவீதமும் மரணம் 28 சதவீதமும் குறைந்தன. டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்பு மெலிவுக்கு மருந்து எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி பரிசோதனைகளோடு மருத்துவரிடம் அதைக் கேட்க வேண்டும்.